சரியான அளவு

அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாவது மாடி.
சிவப்பு விளக்கின் கீழ் ஐந்து காகிதக் கோப்பை.
இளநீர்ப் பாயசம்.
பெயர் கிடையாது, மூன்று இலக்க எண் மட்டும்:
417, 263, 850, 196, 738.
நடுநடுவே வாய் கழுவ
வெந்நீரும் உப்பில்லாப் பொரியும்.
படிவம் நான் அடித்தது. கட்டங்களும் ஐந்து.
மிகக் குறைவு, குறைவு, சரியான அளவு,
அதிகம், மிக அதிகம்.
"நாக்குக்குத் தப்பான விடை கிடையாது"
என்று தொடங்குவேன்.
சம்பளத்தில் அந்த வாக்கியமும் அடக்கம்.

சௌகார்பேட்டை சந்திரகலா போத்ரா
738ஐ வழித்துச் சாப்பிட்டார்.
ஐந்தில் அதுதான் உச்சம்,
எறும்பே யோசிக்கும்.
"இதுல சக்கரை போட மறந்துட்டீங்களா?"
கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.
அடுத்த வாரம் எவர்சில்வர் டப்பாவில் கேவர் கொண்டுவந்து
"இது இனிப்பு" என்றார்,
இது ஜன்னல், இது கதவு என்பதுபோல.

சோ மிக்யங், நொளம்பூர் ஃப்ளாட்,
கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் கார் கம்பெனி.
196ஐக் கீழே வைத்துவிட்டு
ஆறு மாதத் தமிழில் சொன்னார்:
"இனிப்பே இல்ல. ரொம்ப நல்லா இருக்கு."
நடுவில் ஒரு 'ஆனால்' விட்டுப்போனதென்று
நானே பேனாவால் சேர்த்தேன்.
எட்டிப் பார்த்து, விசாரித்து, அதை அடித்தார்.
அவர் ஊரில் அது பாராட்டாம்.
பிறகு 738 தொண்டையில் நின்றபோது
கழுத்தில் கைவைத்து ஒரு வார்த்தை தேடினார்.
கொடுத்தேன்: திகட்டுது.
மூன்று முறை சொல்லிப் பார்த்தார்.
அந்த 'ட்'டில் நாக்கு மேலே ஒட்டி நிற்பது
அவருக்குப் பிடித்திருந்தது.

ஆள் குறைந்த ஒரு நாளில்
வேன் டிரைவர் தேசப்பனை உட்காரவைத்தோம்.
ஐந்துக்கும் ஒரே கட்டம்: குறைவு.
"நைட்டு லோடு மேடம்.
டீல சக்கரை ரெண்டு மடங்கு போட்டாத்தான்
மாதவரம் தாண்ட முடியும்.
சோறு விடிஞ்சப்புறம்தான்."
பசிக்குக் கட்டம் வைக்கவில்லை நான்.
ஓரத்தில் எழுதினேன்.
மேனேஜர் ஓரங்களைப் படிப்பதில்லை,
அவருக்கு வேண்டியது ஒரு எண்.
கூட்டினேன், வகுத்தேன்,
வந்த எண்ணில் ஒரு பாயசம் காய்ச்சி வைத்தோம்.
ஒருவரும் முழுதாய்க் குடிக்கவில்லை.

வீட்டில் காபி செல்வின் கை.
டம்ளருக்கு மூன்று ஸ்பூன்.
ஊர் முதலூர், அல்வாவைப் பசியாறச் சாப்பிட்ட வீடு.
எனக்குச் சர்க்கரை, அவருக்கு அது சீனி.
டம்ளர் அடியில் கரையாமல் படிந்ததை
அவர் பார்க்குமுன் கழுவிக் கவிழ்த்துவிடுவேன்.
ஒன்பது வருடமாக
"காபி எப்படி?" என்று தினமும் கேட்கிறார்,
ஒன்பது வருடமாக
தினமும் நான் நடுக்கட்டம்.

நேற்று மழை. பாடியில் தண்ணீர் தேங்கி
வீடு வர எட்டரை.
பகலெல்லாம் நாற்பது கோப்பை நாக்கில் பட்டிருந்தது.
ஈரத் தலையோடு நிற்கும்போதே காபியை நீட்டினார்.
வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது:
"சக்கரை அரை ஸ்பூன் குறைச்சா என்ன?"

பால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்
குழாயை மூடினார்.
"எப்பருந்து இப்படி?"

ஒன்பதை முந்நூற்று அறுபத்தைந்தால்
பெருக்கத் தெரியும் எனக்கு. பிழைப்பே அதுதான்.

"இன்னிக்குத்தான்" என்றேன்.
"மழையில நாக்கு ஒரு மாதிரி இருக்கு."

குழாயைத் திறந்து மறுபடி கழுவினார்,
ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரத்தை.

இன்று காலை இரண்டரை.
இன்னும் அதிகம்தான்.
டம்ளர் பக்கத்தில் சீனி டப்பா,
மூடி திறந்தபடி,
மழை விட்டிருந்தால் போட்டுக்கொள்ளட்டும் என்று.